கோடு தாண்டாத வெள்ளம்

மழை வலுத்தால் ஜவாஹிர் மாமா கடைத் தூணில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு தூணில் இழுத்திருக்கும் பச்சைக் கோட்டுக்குக் கீழே விரல்களை விரித்து வைத்து, வீதியைப் பார்த்து, "இன்னம் எடம் ஈக்கி" என்பார்; தண்ணீர் ஏற இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இதைப் பார்த்திருக்கிறேன். பாடசாலைச் சீருடையோடு நான் மழைக்கு ஒதுங்கிய காலத்திலும் தட்டினார். பேராதனையில் பட்டம் முடித்து, கண்டியில் ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற காலத்திலும் தட்டினார். மாட்டு வியாபாரி மாட்டின் முதுகைத் தட்டுவது போல இருக்கும். தட்டி முடித்ததும், மாடு நல்ல விலைக்குப் போய்விட்ட திருப்தி முகத்தில் வந்துவிடும்.

மாமா என்றால் உம்மாவின் மூத்த சகோதரர். அக்குறணைக் கடைவீதியில் அவருக்கு மூன்று மாடிக் கடை. பிளாஸ்டிக், அலுமினியச் சாமான்கள், மொத்தமும் சில்லறையும். வாசலில் வாளிகளும் பேசின்களும் குலைகுலையாகத் தொங்கும். கடைக்கு முன்னால் மாத்தளை வீதி, பின்னால் பிங்கா ஓயா என்ற ஆறு. மழை பெய்தால் மற்ற ஊர்களில் குடை தேடுவார்கள். எங்கள் ஊரில் சாமான் தூக்குவார்கள். ஓயா கடைவீதிக்குள் வருவது யாருக்கும் புதினமில்லை. எவ்வளவு வரும், தூக்குவதா விடுவதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் உத்தியோகத்தை மாமா தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டைத் தவிர அவருக்கு வேறு தகுதி இருந்ததாகத் தெரியவில்லை.

கோட்டை முதலில் போட்டவர் மாமாவின் வாப்பா. மாமா சிறு பிள்ளையாக இருந்தபோது பெரிய வெள்ளம் ஒன்று வந்ததாம். அது வடிந்ததும் பழைய கடையின் சுவரில், ஈரம் நின்ற இடத்தில், பள்ளிவாசல் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ற்றால் அவர் ஒரு கோடு இழுத்தார். பிற்காலத்தில் அந்தச் சுவரை உடைத்து மாடி கட்டியது மாமா. புதுத் தூணில் கோட்டை மறுபடி போட்டதும் மாமாதான். எதைப் பார்த்துப் போட்டார் என்றால், நினைவைப் பார்த்து. "தண்ணி என்ட நெஞ்சு மட்டும் வந்த" என்பார். தண்ணீர் வந்தது நாலு வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்கு. புதுக் கோடு விழுந்தது வளர்ந்த மனிதரின் இடுப்புக்கு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன் கடைக்குப் பெயின்ற் அடிப்பார்கள். கோடு மறைந்துபோகும். மாமா ஒரு சின்னத் தூரிகையோடு வந்து தன் கையாலேயே அதைத் திரும்ப இழுப்பார். ஒவ்வொரு நோன்புக்கும் அது கொஞ்சம் ஏறியது. கடைசியில் நிஜமாகவே அவருடைய நெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. அளவு நாடா அந்தக் கடையிலேயே கொத்தாகத் தொங்கியது; ஒருவரும் எடுத்துப் பிடித்துப் பார்த்ததில்லை. தூணுக்குப் பக்கத்திலேயே பழைய கடையிலிருந்து வந்த காசு மேசை. அதன் கால்களில், இழுப்பறைக்குச் சற்றுக் கீழே, அந்தப் பழைய வெள்ளத்தின் கறை அப்படியே இருந்தது. மாமா தினமும் அந்த மேசையில் உட்கார்ந்துதான் வியாபாரம் செய்தார்.

எதிர்க்கடை அரூஸ் நானா மின்சாரச் சாமான் விற்பவர்; நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். வாய் சும்மா இருக்காது.

"ஹாஜியார், அந்தக் கோடும் ஒங்களோட சேந்து வளருதே."

"வளரட்டும். ஒங்கட வயிறு வளரல்லயா?"

இப்படிக் கேலி பேசும் அரூஸ் நானாதான் மழை இறுகினால் வீதிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஹாஜியார், தூக்கவா?" என்று கேட்பார். மாமா தூணைத் தட்டுவார். "வேணாம். தேத்தண்ணி குடிங்க." வரிசை முழுவதும் தேத்தண்ணி குடிக்கும். பெரும்பாலான வருடங்களில் ஓயா வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அப்போதெல்லாம் மாமா ஏதோ தானே அதைத் திருப்பி அனுப்பியவர் போல மீசையைத் தடவிக்கொள்வார். நான் அங்கே நின்றால் என்னையும் விடமாட்டார். "எங்கட குடும்பத்தில மொத டிகிரி. கேட்டுப் பாருங்க. கோடு சரி தானே, மகள்?" நான் சிரிப்பேன். அதைப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழாக எடுத்துக்கொள்வார்.

அவருடைய தைரியத்துக்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை நான் பிந்தித்தான் புரிந்துகொண்டேன். அவர் விற்றது வாளியும் பேசினும். தண்ணீர் வந்தால் அவை மிதக்கும். வடிந்தால் கழுவி அடுக்கலாம். மிதக்கும் சாமான் விற்கிறவரிடம் போய், சீனி மூட்டையும் புடவைக் கட்டும் விற்கிறவர்கள் வெள்ளத்தைப் பற்றி ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடையின் பின்புறம் ஓயாக் கரையைக் கொஞ்சம் நிரப்பி, கடைத் தரைக்குக் கீழே மாமா ஒரு அறை கட்டியிருந்தார். ஓயாவுக்கு இருந்த இடத்தில் ஒரு துண்டு அறைக்குப் போனது. மாமாவின் வாப்பா காலத்தில் இந்த அறை இல்லை. ஆகவே இதற்குக் கோடும் இல்லை. அதை அலவத்துகொடயிலிருந்து வரும் மஸாஹிரா மாமிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மாமி என்று நான் கூப்பிடுவது மரியாதைக்கு; உறவில்லை. கணவர் விட்டுப்போன பிறகு, கல்யாணப் பெண்களுக்கு உடுப்பு வாடகைக்குக் கொடுத்து, அலங்காரமும் செய்து பிழைத்தவர். உடுப்புகள் வெள்ளை உறைகளுக்குள் வரிசையாகத் தொங்கும். கை கழுவித் துடைக்காமல் ஒருவரையும் தொட விடமாட்டார். "மஸாஹிராட்ட எடுத்தா புதுசு போல ஈக்கும்" என்று அக்குறணையில் பெண்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சுத்தான் அவருடைய முதல்.

வெள்ளம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சுபஹுத் தொழுகைக்கு முன்பே பிடித்த மழை. கண்டிப் பக்கம் வீதியில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டதால் நான் மாமாவின் கடையில் ஒதுங்கி நின்றேன். மஸாஹிரா மாமி பக்கத்துச் சந்தில் உள்ள ஒழுங்கைப் படியால் நனைந்துகொண்டு மாமாவிடம் ஏறி வந்தார்.

"நானா, ஓயாட நெறம் மாறிட்டு. மேல் மாடிச் சாவியத் தாங்க. உடுப்புகளக் கொண்டு வெக்கிறன்."

மாமா தட்டினார். "இன்னம் எடம் ஈக்கி, தங்கச்சி."

"ஒங்கட கோடு முன்னுக்கு ஈக்கி. நான் பின்னுக்குக் கீழ ஈக்கிறன்."

"முன்னுக்கு வராத தண்ணி பின்னுக்கு எப்பிடி வரும்?"

குடையோடு நின்ற அரூஸ் நானா, "ஓயா பின்னுக்குத் தானே ஓடுது, ஹாஜியார்" என்றார்.

"நீங்க பல்ப வில்லுங்க அரூஸ்."

"ஞாயித்துக்கெழம றம்லத்துட மகள் நதாட நிக்காஹ்," என்றார் மாமி. "அவட உடுப்பும் கீழதான். ஒத்தரும் தூக்கித் தர வேணாம். சாவி மட்டும் போதும்."

மாமா குரலைத் தணித்தார். அப்படித் தணித்தால் அவருக்குள் இருக்கும் உண்மை வரப்போகிறது என்று அர்த்தம். "மேல இப்பதான் டைல்ஸ் புடிச்சீக்கி. அது வேற. நீங்க மூட்ட மூட்டயா தூக்கிட்டு ஏறினா கடத்தெரு பாக்கும். ஹாஜியார்ட கடயிலயே தூக்குறாங்க என்டு எல்லாரும் தூக்கத் தொடங்குவாங்க. ஜும்ஆ நேரம் ஊரக் கலக்கப்படாது. அல்லாஹ் மேல தவக்குல் வைங்க."

"ஒட்டகத்தக் கட்டிட்டுத்தானே நானா தவக்குல் வைக்க ஹதீஸில சொல்லியீக்கி."

"நான் கட்டித்தான் வெச்சீக்கிறன்," என்று மாமா கோட்டைக் காட்டினார்.

அரூஸ் நானா சிரித்தார். மாமாவின் மகன் ஷாமில் சிரித்தான். நானும் கோட்டைப் பார்த்தேன். அது பச்சையாக, நேராக, தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எனக்கும் ஒரு நிம்மதி வந்ததை மறுக்கமாட்டேன். மஸாஹிரா மாமி மட்டும் அதைப் பார்க்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமானதும் வழக்கம் போல எல்லாக் கடைகளின் ஷட்டர்களும் இறங்கின. மாமாவும் பூட்டினார். கடைச் சாவியும் மேல் மாடிச் சாவியும் அவருடைய ஜுப்பாப் பைக்குள் போயின. ஆண்கள் எல்லோரும் மேட்டிலிருக்கும் பள்ளிவாசலுக்கு ஏறினார்கள். நானும் மேட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்தேன்.

குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது ஓயா வந்தது. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் கடைவீதியின் முதுகு தெரியும். தண்ணீர் கரையோடு நிற்காமல் சுவர்களில் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன். ஒழுங்கைப் படியின் தலைப்பில் மஸாஹிரா மாமி ஒரு கைப்பிடி உடுப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கீழே அறைக் கதவின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. வீதி முழுக்க ஒரு கடைக் கதவுகூடத் திறந்திருக்கவில்லை. முச்சக்கர வண்டிகள் சாரதி இல்லாமல் வரிசையாக நின்றன. மாமி, மாமாவின் கடை ஷட்டரை ஒரு கையால் பிடித்து உலுக்கினார். உள்ளே ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியும் உலுக்கினார். பிறகு வீதிப் பக்கத்தாலும் தண்ணீர் வந்தது. நான் அவரை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன்.

அன்று மாலை வடிந்ததும் மாமா ஷட்டரைத் தூக்கினார். காசு மேசை முழுதாக மூழ்கியிருந்தது; அதன் மேல் சேறும் ஒரு செருப்பும் கிடந்தன. தூணில் ஈரம் கோட்டுக்கு ஒரு முழம் கீழே நின்றிருந்தது. மாமா சேற்றுக்குள் நின்றபடி தட்டினார். "பாத்தீங்களா? தாண்டல்ல."

பின்னால் கீழறை கூரை வரை நிரம்பி வடிந்திருந்தது. வெள்ளை உறைகள் சேற்றுக் குடல்கள் போலத் தொங்கின.

அடுத்த கிழமை மாமாவின் கடையில் நல்ல வியாபாரம். வெள்ளம் போன ஊருக்கு என்ன வேண்டும்? வாளி வேண்டும், விளக்குமாறு வேண்டும், பேசின் வேண்டும். எல்லாவற்றையும் கழுவி அடுக்கி, "வெல தான் கொறச்சீக்கி" என்று பெருமையாக விற்றார்.

நதாவின் உம்மா றம்லத், மஸாஹிரா மாமியைத் தேடிக் கடைவீதிக்கே வந்தார். மகளின் நிக்காஹ் யாருடையதோ பழைய உடுப்பில் நடந்த கோபம். "மழ பெய்யிறது கண்ணுக்குத் தெரியல்லயா? ஒரு உடுப்ப மேல தூக்கி வெக்க ஏலாத ஆள் எனத்துக்கு இந்தத் தொழில் செய்ற?"

மஸாஹிரா மாமி அவரை நேரே மாமாவிடம் கூட்டிப்போனார். "நானா, நடந்தத நீங்களே சொல்லுங்க. நான் சாவி கேட்டதச் சொல்லுங்க. வேற ஒன்டும் வேணாம்."

மாமா ஒரு கணம் அவரைப் பார்த்தார். கடையில் ஆட்கள் நின்றார்கள். அரூஸ் நானாவும் நின்றார். பிறகு மாமா றம்லத்தைத் தூணுக்கு அழைத்தார். "வந்து பாருங்க, தங்கச்சி. நான் கோட்டப் பத்தித்தான் சொன்ன. கோட்டத் தாண்டினதா? இல்ல. அல்லாஹ் நாடினது நடந்தீக்கி. பொம்பிளகள் சண்ட புடிக்கப்படாது." தொங்கிய குலையிலிருந்து இரண்டு வாளிகளைக் கழற்றி ஆளுக்கொன்றாக நீட்டினார். "சும்மா கொண்டு போங்க."

றம்லத் கோட்டைப் பார்த்தார். தலையாட்டினார். வாளியையும் வாங்கிக்கொண்டார். மஸாஹிரா மாமி வாங்கவில்லை.

நான் றம்லத்தின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். "நீ படிச்ச புள்ள," என்றார் அவர், "ஒனக்கு ஒங்கட மாமா பிழ, நாளைக்கி நான் பிழ. அப்பிடித்தான் நடந்ததென்டா ஹாஜியாரே சொல்லட்டும்." அரூஸ் நானாவிடம் கேட்டேன். அவர் ஒரு பல்பைச் செருகிப் பரிசோதித்துக்கொண்டே, "எனக்கு முன்னுக்கு ஈக்கிறது ஹாஜியார்ட கட, மகள்" என்றார். அந்த வருடத்துக்குள் "மஸாஹிராட்ட எடுத்தா" என்று தொடங்கும் வாக்கியத்தின் முடிவு மாறிப்போனது. இன்று அவர் கண்டியில் இன்னொருவரின் அலங்கார நிலையத்தில் உடுப்புக்கு ஊசி குத்திக் கொடுக்கும் உதவியாளர்.

சில மாதங்கள் கழித்து எங்கள் அலுவலகத்துக்கு ஓர் ஆங்கில அறிக்கை மொழிபெயர்ப்புக்கு வந்தது. எங்கள் பகுதி வெள்ளங்களைப் பற்றியது. சேதத்துக்கு ஒரு காரணம் குடியிருப்பாளர்களின் 'கம்ப்ளேசன்ஸி' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லில் நான் ஒரு பகல் முழுவதும் மாட்டிக்கொண்டேன். அகராதிகளில் தேடினால், அதன் வேர் இலத்தீனில்: மிகவும் பிடித்துப்போவது, மனதுக்கு உவப்பாக இருப்பது. ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் அது நல்ல சொல்தான். ஒரு பொருளில், ஒரு மனிதரில் மனம் மகிழ்வதை அப்படிச் சொன்னார்கள். இறைவன் தன் படைப்பில் கொள்ளும் மகிழ்ச்சியைக்கூடச் சொன்னார்கள். காலம் போகப் போக மகிழ்ச்சி வெளியே போவதை விட்டுத் தன்னைத்தானே பார்க்கத் தொடங்கியது. தன்னிலேயே மகிழ்ந்து, ஆபத்தைக் காணாமல் இருப்பது என்ற இடத்துக்குச் சொல் வந்து சேர்ந்தது. தமிழில் மெத்தனம் என்று போடலாம். அதுவும் மென்மையிலிருந்து வந்த சொல்தான், மெத்தையின் உறவு. நல்ல இடத்தில் பிறந்து கெட்ட இடத்தில் குடியேறிய சொற்கள் இரண்டும்.

அதுவரை நான் இதைச் சோம்பலின் ஒரு வகை என்றே நினைத்திருந்தேன். மாமா சோம்பேறி அல்ல. சுபஹுக்கு எழும்புவார், கடைசி ஆளாகக் கடை பூட்டுவார். அவருக்குத் தன்னைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கடைவீதிக்கும் அவரைப் பிடித்திருந்தது. தூக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது அவர்களுக்கு. கேட்க ஆட்கள் வேண்டியிருந்தது அவருக்கு. ஒருவரையொருவர் மகிழ்வித்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, அந்தக் கோட்டை எல்லோருமாகச் சேர்ந்துதான் ஏற்றினார்கள். நான் சிரித்த சிரிப்பும் அதில் ஒரு விரல் அகலம் ஏற்றியிருக்கும்.

அந்த அறிக்கையில் பெயர்கள் இல்லை. குடியிருப்பாளர்களின் மெத்தனம் என்றால் எங்கள் ஊரில் அது யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். ஓயாவின் நிறம் மாறியதைக் கண்டு சாவி கேட்டவரின் தலையில் விழும். மேலதிகாரியிடம் சொன்னேன். "நீங்க மொழிபெயர்க்க மட்டும் செய்ங்க" என்றார். மெத்தனம் என்றே போட்டேன். வேறு என்ன போட்டிருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அடுத்த நோன்புக்கு முன் மாமா கோட்டை மறுபடி இழுத்தார். இம்முறை அது கழுத்துக்குக் கீழே வந்தது. "தண்ணிட குணம் மாறீக்கி, கவனமா ஈக்கணும்" என்று விளக்கம் வேறு.

அதே வருடம் உம்ராவுக்குப் புறப்பட்டார். எங்களில் யாராவது மக்காவுக்குப் போவதாக இருந்தால் வீடு வீடாகப் போய் மாப்பு, அதாவது மன்னிப்பு, கேட்பது வழக்கம். மாமா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். "அறிஞ்சோ அறியாமலோ யார்ட மனச நோவிச்சீந்தாலும் அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க." மொத்த வியாபாரி அல்லவா, மாப்பையும் மொத்தமாகவே கேட்டார். மஸாஹிரா மாமிக்கும் அது வந்தது. கடைசி வரை கேட்டாராம், ஒருவேளை தன் பெயர் வருமோ என்று. முடிவில் விமானம் புறப்படும் நேரம்தான் வந்தது.

சீனி வருத்தம் என்னும் நீரிழிவுக்கும் மாமாவிடம் ஒரு கோடு இருந்தது. காலில் புண் வராதவரை அது வருத்தமில்லை என்பார். புண் வந்தது. இது சின்னப் புண், பெரியதானால் பார்ப்போம் என்று கோட்டை ஏற்றினார். அந்தப் புண்ணாலேயே உயிர் போய், கண்டி ஆஸ்பத்திரியில் மௌத்தானார்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் ஷாமில் பள்ளிவாசலில் எழும்பி நின்று, வழக்கப்படி அறிவித்தானாம்: வாப்பா யாருக்காவது கடன் திருப்பிக் கொடுக்க இருந்தால் எங்களிடம் வாருங்கள், யாருக்காவது பிழை செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆண்கள் எல்லோரும் மன்னித்தோம் என்று முணுமுணுத்தார்களாம். நாங்கள் பெண்கள் வீட்டில் இருந்தோம். மஸாஹிரா மாமியும் வந்திருந்தார். யாஸீன் ஓதினார், மாமியின், அதாவது மாமாவின் மனைவியின், கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார், பிளேன்டீ குடித்தார்.

வாசலில் செருப்புப் போடும்போது நான் அவரிடம், "மாமி, அவர மாப்புச் செஞ்சிட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வியோ தெரியாது.

"பள்ளியில கேட்டாங்களாமே. நான் பள்ளியிலயா ஈந்தன்?"

"மாமாட எடத்தில நான் கேக்கிறன்."

"சாவி ஒன்ட பொக்கட்டிலயா ஈந்த? மௌத்தானவர நான் அல்லாஹ்ட்ட விட்டிட்டன், மகள். அது வேற. றம்லத்துட்ட ஒரு வார்த்த சொல்லணும். மஸாஹிரா சாவி கேட்டா, நாங்க குடுக்கல்ல. அத மட்டும் சொல்லச் சொல்லு. ஷாமில் அங்கதானே நின்ட."

ஷாமிலிடம் சொன்னேன். மாமாவுக்குக் கத்தம் ஓதி முடிந்த பிறகு, கடையில், அந்தத் தூணுக்குப் பக்கத்தில். அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "பள்ளியில பொதுவா கேட்டாச்சே. இனி வாப்பா இல்லாத நேரம் எனத்துக்கு அவர்ட பேரக் கெடுக்கிற?" சொல்லிக்கொண்டே மழை இருட்டிய வீதியைப் பார்த்தான். அவன் கை தூணுக்குப் போனது.

றம்லத்தின் வீடு கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பள்ளிவாசல் ஏற்றத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஷாமில் அந்த வாசலைத் தாண்டித்தான் ஜும்ஆவுக்குப் போகிறான். இரண்டு சாவிகளும் இப்போது அவனுடைய பையில். அந்த வார்த்தையை அவன் இன்னும் சொல்லவில்லை.